பெரட்டில் விழுங்கிய மாத்திரை

அக்கா,

சென்ற வாரம் சுங்கைப்பட்டாணியில் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எனக்கு இப்போது சர்க்கரை. தாதிப் பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்தக் குளிர்ச்சியும் வாடையும் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். கைகளை மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதிரில் இருப்பவர் பொய் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பவரைப் போல நிற்பீர்களே, அப்படியே நின்றீர்கள்.

புதிய மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், நீங்களும் சேர்கிறீர்களா ஆன்ட்டி என்று கேட்டு, அந்தப் பெண் தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். எதற்காக இந்தச் சோதனை, என்ன தொல்லை வரலாம், எப்போது விலகிக்கொள்ளலாம் எல்லாம் இருந்தது. ஆய்வு முடிந்ததும் முடிவை எளிய தமிழில் உங்களுக்குத் தெரிவிப்போம் என்று கடைசியில் ஒரு வரி. அதை மறுபடியும் படித்தேன். யார் வந்து தெரிவிப்பார், வராவிட்டால் நான் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டேன். அவள் பேனாவை மூடிவிட்டு, டாக்டரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அந்த நாற்காலியில் காத்திருந்தபோதுதான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

நம் ரப்பர்த் தோட்டத்துக்கு மருந்துக்காரர்கள் முதலில் வந்தது எழுபதுகளின் பின்பாதியில். நான் பாடாங் செராயில் மூன்றாம் படிவம் வரை படித்துவிட்டு, தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெசருக்கு உதவியாக இருந்தேன். புட்டி கழுவுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து வாங்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது என் வேலை. நீங்கள் பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் உங்கள் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நாங்கள் மாதாகோயில் குடும்பம், நீங்கள் மாரியம்மன் கோயில் குடும்பம். நடுவில் இருந்த பலகைச் சுவரில் ஒரு வீட்டுப் பேச்சு மற்ற வீட்டுக்குக் கேட்கும்.

அப்போதே நீங்கள் யாரையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை. தஞ்சோங் டாவாயில் விடியற்காலையில் இறக்கிய மீன் என்று மீன்காரர் சத்தியம் செய்தாலும், நீங்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்ப்பீர்கள். "மீனு பொய் சொல்லாதுலா, ரீத்தா. அதான் மொதல்ல அதைக் கேக்கறேன்" என்பீர்கள். நான் சிரிப்பேன். எனக்கு எல்லாரையும் நம்பிப் பழக்கம்.

அன்று வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் யாரையும் வேலைக்கு விடவில்லை. இன்னும் சரியாக வெளுக்காத நேரம். வெள்ளை வேன் ஒன்று நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய டாக்டர் மானேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மானேஜர், எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் மலாயில் சொன்னார். மண்டோர் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் கத்தினார். வயிற்றுப் பூச்சிக்குப் புது மருந்து வந்திருக்கிறது, எல்லாரும் சாப்பிடவேண்டும், தொரை சொல்லிவிட்டார். கடைசியாக, "முழுகாம இருக்கிற பொம்பளைங்க கையத் தூக்குங்க" என்றார்.

வாளியும் கத்தியுமாக ஆண்கள் சுற்றி நின்றார்கள். எந்தப் பெண் கையைத் தூக்குவாள்? யாரும் தூக்கவில்லை. நீங்களும் தூக்கவில்லை. நாள் தள்ளிப்போயிருந்ததை நீங்கள் உங்கள் வீட்டுக்காரரான அண்ணனிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாத்திரையை நாக்கில் வைத்து விழுங்கி, வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எல்லாரும் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அந்த வேன் வந்து போனது. மலம் கொண்டுவர ஆளுக்கொரு சின்னத் தகர டப்பா கொடுத்தார்கள். லயம் முழுவதும் அதே சிரிப்பு. விரலைக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சிரிப்போடு இன்னொரு பேச்சும் ஓடியது. இது பூச்சி மருந்து இல்லை, நமக்குப் பிள்ளை பிறக்காமல் செய்கிற மாத்திரை என்று கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் மருந்தகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும்.

மாத்திரை விழுங்கிக் கொஞ்ச நாளில், வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு நீங்களே நடந்து மருந்தகத்துக்கு வந்தீர்கள். கைலி முழுக்க இரத்தம். டிரெசர் உங்களை லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து முதன்முதலாகத் தங்கிய கரு; அது போய்விட்டது. திரும்பி வந்த அன்று நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. "ரீத்தா, எனக்குக் குடுத்தது என்ன மாத்திரை?" என்று மட்டும் கேட்டீர்கள்.

டிரெசரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மருந்துக்காரர்கள் அடுத்த முறை வரும்போது கேட்கலாம் என்றார். கேட்டோம், சொல்லவில்லை; சில மாதத்தில் வேன் வருவதும் நின்றுவிட்டது. முடிந்ததும் வந்து எல்லாம் சொல்வோம் என்று மண்டோர் வழியாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள்தான்.

அண்ணனின் கோபம் பலகைச் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கும் கேட்டது. எவன் கொடுத்தாலும் வாயில் போட்டுக்கொள்வாயா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. யார்மேலாவது பழியைப் போட்டால்தான் அவருக்கு மூச்சு விட முடிந்தது; பக்கத்தில் இருந்தது நீங்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வையும் மாறியது. வேன் வருவது நின்று ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு, ஒருநாள் என் அம்மா கொடுத்தனுப்பிய ரசத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டே, "நீயும் அந்தப் பக்கந்தானே வேலை செய்யற" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. மீனின் செவுளைப் பார்ப்பது போலச் சொன்னீர்கள். நான் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

மறுவாரம் உங்களோடு பஸ் ஏறினேன். சுங்கைப்பட்டாணியில் ஓர் அலுவலகத்தில், இது எங்கள் வேலை இல்லை, அலோர் ஸ்டார் போங்கள் என்றார்கள். அலோர் ஸ்டாரில் குமாஸ்தா ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த ஆய்வு நல்லபடியாக முடிந்துவிட்டது, அறிக்கை எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பியாகிவிட்டது, வெளிநாட்டில்கூட அச்சில் வந்திருக்கிறது என்று பெருமையோடு சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். அது டாக்டர்களுக்கானது, ஆங்கிலத்தில் இருக்கும், உங்களுக்குப் புரியாது என்றார். நீங்கள் கேட்டதை மலாயிலும் அவர் சொன்னதைத் தமிழிலும் நான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. பாதி வழி தாண்டியது. பிறகு சொன்னீர்கள்: "நம்ம வயித்துல என்ன இருந்துச்சுன்னு நம்மளத் தவிர எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

அன்று முதல் நானும் கொஞ்சம் கொஞ்சமாக உங்களைப் போல ஆனேன் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே வெள்ளை வேன், அல்லது அதைப் போன்ற இன்னொன்று, மறுபடியும் பெரட்டுக்கு வந்தது. பெரிய டாக்டர் இல்லை. முன்பு அவர் பின்னால் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு திரிந்த பினாங்குச் சீனப் பெண் இப்போது டாக்டராக முன்னால் நின்றார். மண்டோர் பழையபடி கத்தினார். முதல் வரிசையில் நீங்கள் இருந்தீர்கள். மாத்திரையை நீட்டியபோது கையை விரிக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் விரிக்கவில்லை. கிணற்றடியில் என்ன பேசி வைத்திருந்தீர்களோ, பெண்கள் ஒருத்தர்கூடக் கையை நீட்டவில்லை. மானேஜர் வேலை இல்லை என்று மிரட்டிப் பார்த்தார். மண்டோர் கெஞ்சிப் பார்த்தார்.

டாக்டர் நேராக உங்களிடம் வந்து காரணம் கேட்டார். நீங்கள் என்னைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னீர்கள்: "போன தடவை குடுத்ததுக்கு இன்னும் பதில் வரல. அதைச் சொல்லிட்டு அப்புறம் இதைக் குடுங்க."

அவர் முகம் சிவந்தது. முடிவு வெளிவந்ததே என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். நீங்கள் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் வந்தார்.

தமிழ்ப்பள்ளியில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு லயமே உட்கார்ந்திருந்தது. டாக்டர் முதலில் ஒரு பெரிய தாளை விரித்துக் கோடுகளைக் காட்டினார். நூற்றுக்கு இத்தனை என்றார். கூட்டம் கொட்டாவி விட்டது. அவர் அதைப் பார்த்தார். தாளைச் சுருட்டி மேஜைக்கடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, மலாயில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நான் தமிழில் சொன்னேன்.

உங்களில் பாதிப் பேருக்குக் கொடுத்தது மருந்து. மீதிப் பாதிக்குக் கொடுத்தது பார்க்க அதே மாதிரி இருக்கும் மாவு மாத்திரை. அதை நான் சொன்னதுமே கூடம் எழுந்துவிட்டது. மாவைக் கொடுத்து ஏமாற்றினீர்களா என்று ஆண்கள் கத்தினார்கள். சத்தம் அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார். அந்த வருஷம்தான் தோட்டத்தில் புதுக் கக்கூஸ் கட்டினார்கள். பூச்சி குறைந்தால் அது கக்கூஸினாலா, மருந்தினாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்காகத்தான் மாவு என்றார். மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பூச்சி போய்விட்டது. ஆனால் வருஷம் திரும்புவதற்குள் பலருக்கு மறுபடி வந்துவிட்டது, ஏனென்றால் வெறுங்காலோடு சேற்றில் நடக்கிறீர்கள். மருந்து வேலை செய்கிறது, ஆனால் மருந்து மட்டும் போதாது. இதுதான் முடிவு என்றார். இதைச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் ஏன் ஆயிற்று என்று நான் யோசித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

நீங்கள் எழுந்தீர்கள். யாருக்கு மாவு, யாருக்கு மருந்து என்று முடிவு செய்தது யார் என்று கேட்டீர்கள். குலுக்கல் போல, பெயர் தெரியாமல் பிரித்தது என்றார் டாக்டர். "மண்டோர் வீட்டுக்கும் அதே குலுக்கல்தானா?" எல்லாரும் திரும்பி மண்டோரைப் பார்த்தார்கள். அவருக்கும் அதே குலுக்கல்தான் என்றார் டாக்டர். அடுத்து, மாவு தின்றவர்களுக்குப் பிறகாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டீர்கள். தோட்டத்துக்கு அனுப்பினோம் என்றார் அவர். இப்போது எல்லாரும் டிரெசரைப் பார்த்தார்கள். எனக்கு எதுவும் வரவில்லை என்றார் டிரெசர். நானும் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததில்லை. அனுப்பாமலே அனுப்பினோம் என்றார்களா, வந்தது வழியில் எங்காவது காணாமல் போனதா, டிரெசர்தான் மறைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று பேர்மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

தனக்குக் கொடுத்தது எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தலைமையாசிரியர் அறைக்குத் தனித்தனியாக வரலாம் என்றார் டாக்டர். முதலில் போனவர் நீங்கள். கூட நான். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

உங்களுக்குக் கொடுத்தது மருந்து.

நான் அதைத் தமிழில் சொல்வதற்கு முன்பே உங்களுக்குப் புரிந்துவிட்டது. உடனே கேட்டீர்கள்: "அதனாலதான் எம்புள்ள போச்சா?"

நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனா நின்றது. உங்களுக்கு ஆறுதலாக எதையாவது சேர்த்துச் சொல்லலாமா என்று என் மனம் அலைந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். "நீ எதையும் சேக்காத, ரீத்தா. அவங்க சொல்றத அப்படியே சொல்லு."

டாக்டர் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தார். "தாக் தாவு" என்றார். தெரியாது.

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் அந்த மலாய் வார்த்தை தெரியாத குழந்தைகூடக் கிடையாது. அதற்குப் பிறகு சொன்னதைத்தான் நான் தமிழாக்கினேன். மாத்திரை இல்லாமலே பலருக்குக் கலைந்துபோகிறது. உங்களுக்கு மாத்திரையால் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆம் என்று சொன்னாலும் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய். ஆனால் ஆண்களுக்கு நடுவில் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டது தவறு. அது எங்கள் தவறு. அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு, இப்போது மட்டும் ஏன் வந்து சொல்கிறீர்கள், புது மாத்திரைக்கு நாங்கள் வேண்டும் என்பதால்தானே என்று கேட்டீர்கள். இதை எப்படி மரியாதையாக மலாயில் சொல்வது என்று தடுமாறினேன். ஆனாலும் சொன்னேன். டாக்டர் கொஞ்சம் யோசித்து, ஆமாம், அதுவும் ஒரு காரணம் என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: "தெரியாதுன்னாங்க பாரு, அதை நம்பறேன். மத்ததை இன்னும் யோசிக்கணும்."

அன்று சாயங்காலம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனிடம் நீங்கள் சொல்வது கேட்டது. பலகை கிரீச்சிட அவர் எழுந்து நடந்தார். பிறகு, "தெரியாதுன்னா நான் யாரு மேலலா கோவப்படறது?" என்றார். அதற்குப் பிறகு, எவன் கொடுத்தாலும் என்று தொடங்கும் அந்தப் பேச்சை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

புது மாத்திரையை நீங்கள் சாப்பிடவில்லை. மற்றவர்களைத் தடுக்கவும் இல்லை. பெண்களிடம் கேட்பதை மருந்தகத்துக்குள் தனியாக நான் கேட்கவேண்டும், பெரட்டில் கேட்கக்கூடாது என்று மட்டும் பிடிவாதமாக நின்றீர்கள். டாக்டர் ஒத்துக்கொண்டார். இரண்டு பெண்கள் என்னிடம் மட்டும் மெல்ல, ஆமாம் என்று தலையசைத்தார்கள். அவர்களுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. அந்தச் சோதனையின் முடிவைச் சொல்ல அந்த டாக்டர் வரவில்லை. அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள் என்றார்கள். வேறொருவர் வந்து மானேஜர் அலுவலகத்தில் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நீங்களும் பெண்களும் போய் அவர் காரைச் சுற்றி நின்றீர்கள். அவர் இறங்கி, வெயிலில் நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிறகு உங்களுக்குப் பெண் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் நீங்கள் படுத்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் என்னிடமும் அண்ணனிடமும் ஆங்கிலத்தில் சொன்னார். கட்டி கல்லீரல்வரை போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை. அதை நான் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் சொல்லிவிடாதே என்றார். தலையாட்டாமல் உள்ளே வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். என் பின்னால் வந்த அண்ணன் பாதியிலேயே வெளியே போய்விட்டார்.

நீங்கள் கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அவருக்குத் தெரியுமா, இல்ல நெனக்கிறாரா? போய்க் கேட்டுட்டு வா."

போனேன். அவர் அடுத்த வார்டில் இருந்தார். நீங்கள் கேட்டபடியே ஆங்கிலத்தில் கேட்டேன். எரிச்சல்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, குணமாகாது என்பது தெரியும், எவ்வளவு நாள் என்பது நான் நினைப்பதுதான் என்றார். திரும்பி வந்து அப்படியே சொன்னேன்.

"சரி" என்றீர்கள். அன்று மாலையே மகளை வரவழைத்து, அவளுக்குப் புரிகிற வார்த்தைகளில் நீங்களே சொன்னீர்கள். அவள் அழுதாள், கேள்வி கேட்டாள், மறுபடி அழுதாள். தெரிந்ததைத் தெரியும் என்றீர்கள், தெரியாததைத் தெரியாது என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது, அக்கா. வங்கியில், பள்ளிக்கூடத்தில், கோயில் கூட்டத்தில், என் பிள்ளைகளிடம்கூட, யார் உறுதியாகப் பேசினாலும், தெரியுமா நினைக்கிறாயா என்று கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு எதிலும் சந்தேகம் என்று அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இந்தப் பழக்கம் யாருக்கும் சுகமாக இல்லை, எனக்கும்தான். ஆனால் கேட்டபின், சிலர் நிறுத்தி, யோசித்து, கொஞ்சம் வெட்கத்தோடு உண்மையைச் சொல்கிறார்கள். அவர்களோடுதான் எனக்கு இன்னும் பேச்சு இருக்கிறது.

ரீத்தா